காலேஜ் லைப்ரரியில் நடக்கும் வகுப்புக்கும் டியூஷனுக்கும் போனால் பயன் உண்டா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து, ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறீர்கள். அங்கே லைப்ரரியில் புது மாணவர்களுக்குத் தகவல் தேடுவது எப்படி என்று வகுப்பு நடத்துகிறார்கள். மதிய இடைவேளையில் சீனியர் மாணவர்கள் உட்கார்ந்து பாடத்தில் சந்தேகம் தீர்க்கிறார்கள். "புத்தகம் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் எனக்கு என்ன சொல்லித் தரப்போகிறார்கள்? அந்த நேரத்தில் நானே படித்துக்கொள்ளலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில், "இங்கிலீஷ் தடுமாறும், போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது" என்றும் ஒரு வரி. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. பயன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. "என்னைப் போன்ற ஒருத்தி அங்கே போகலாமா?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பெங்களூரில் கல்லூரி நூலகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். காமர்ஸ் என் பாடம் இல்லை, அதனால் பாடத்தைப் பற்றி நான் சொல்வதை உங்கள் ஆசிரியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். லைப்ரரி பற்றிச் சொல்வதை நம்பலாம். என் பதில் ஒரே வரியில்: கையில் ஒரு வேலையோடு போனால் இரண்டுமே பயன்படும்; வெறும் கையோடு போய் உட்கார்ந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

முதலில் வகுப்பு. பல கல்லூரிகளில் இந்தப் பெயரில் நடப்பது அறிமுகக் கூட்டம் மட்டும்தான். ஆடிட்டோரியம் நிறைய மாணவர்கள், திரையில் விதிமுறைகள், எத்தனை புத்தகம் எடுக்கலாம், தாமதமானால் எவ்வளவு ஃபைன், கடைசி செமஸ்டரில் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ சான்று வாங்குவது எப்படி. இது தேவையான விஷயம், ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கற்றல் என்று நான் சொல்லமாட்டேன். வருடத் தொடக்கத்தில் சொன்ன எதுவும் அசைன்மென்ட் எழுதுகிற அன்றைக்கு நினைவில் இருப்பதில்லை. இரண்டாவது வகை வகுப்பு வேறு மாதிரி. ஆசிரியர் அசைன்மென்ட் தலைப்பு கொடுத்த பிறகு, அதே தலைப்புகளை வைத்துக்கொண்டு, சின்னக் குழுவாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடுவது. உங்கள் கல்லூரியில் நடப்பது இதில் எது என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் தவறவிடாதீர்கள். முதல் வகை மட்டும்தான் என்றால், தலைப்பு கிடைத்த அன்றே லைப்ரரியனிடம் தனியாகப் போய் அரை மணி நேரம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

ஏன் மறுக்கமாட்டார் என்கிறேன் என்றால், எங்கள் தொழிலின் அடிப்படையே இதுதான். இந்தியாவில் நூலகத் துறைக்கு வழிகாட்டியான எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகரானார். கடைசிக் காலம் இங்கே பெங்களூரில்தான். 1962-இல் இங்கே ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1972-இல் இதே ஊரில் காலமானார். அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்துக்குப் புதிதாக வருகிறவரைக் கைபிடித்துப் பழக்குவதை அவர் நூலகரின் தனிக் கடமையாகவே எழுதியிருக்கிறார். ஆகவே நீங்கள் போய்க் கேட்டால் அவருக்குத் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். அதற்குத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கும்? ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்: பெங்களூரில் சிறு வியாபாரிகள் மீது ஜிஎஸ்டியின் தாக்கம். மாணவர்கள் முதலில் செய்வது, இந்த முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அப்படியே கூகுளில் அடிப்பது. வருவதெல்லாம் வரி ஆலோசனை நிறுவனங்களின் விளம்பரக் கட்டுரைகளும், பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிறவர்களின் பக்கங்களும். லைப்ரரியன் ஒரு காகிதம் எடுத்து இதை மூன்றாக உடைப்பார். ஜிஎஸ்டி ஒன்று, சிறு வியாபாரி ஒன்று, பெங்களூர் ஒன்று. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் வேறு என்னென்ன பெயர் இருக்கிறது என்று கேட்பார். சிறு வியாபாரியை ஆய்வாளர்கள் ஸ்மால் டிரேடர் என்று மட்டுமா எழுதுகிறார்கள்? ரீடெய்லர் என்பார்கள், கிரானா (மளிகைக் கடை) என்பார்கள், எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) என்பார்கள், அன்ஆர்கனைஸ்டு ரீடெய்ல் என்பார்கள். நீங்கள் ஒரு பெயரில் தேடினால் மற்றப் பெயரில் எழுதிய கட்டுரைகள் உங்களுக்கு இல்லாத மாதிரிதான். இந்தப் பெயர்களுக்கு நடுவே OR (அல்லது) என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தேடினால் எல்லாம் சேர்ந்து வரும். இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தத் தொடராகவே தேடும். ஜிஎஸ்டி அமலானது 2017 ஜூலை 1. அதனால் வருடத்தை அதற்குப் பிறகு என்று வைத்தால், வரி வருவதற்கு முன்னால் ஊகமாக எழுதியவை ஒதுங்கிவிடும். பெங்களூர் என்று போட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால் கர்நாடகா என்று போட வேண்டும், அதிலும் இல்லையென்றால் இந்தியா. தலைப்பைக் குறுக்குவதும் விரிப்பதும் இப்படித்தான். இதை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டால், அடுத்த அசைன்மென்ட்டுக்கு நீங்களே செய்துவிடுவீர்கள்.

எங்கே தேடுவது என்பதும் இதே உட்காரலில் தெரிந்துவிடும். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாண்டு மாணவிக்கு ஆய்வேடு எதற்கு என்று தோன்றும். முழுக்கப் படிக்க வேண்டாம். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, பெரும்பாலும் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இரண்டாவது அத்தியாயத்தையும் கடைசியில் இருக்கும் நூல்பட்டியலையும் மட்டும் பாருங்கள். இந்த விஷயத்தில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்ற பட்டியலை ஒருவர் வருடக்கணக்கில் உழைத்துத் தயாரித்து வைத்திருப்பார். அதற்கடுத்து, உங்கள் கல்லூரி என்-லிஸ்ட்டில் உறுப்பினரா என்று கேளுங்கள். கல்லூரிகளுக்கு மின்னூல்களும் ஆய்விதழ்களும் கிடைக்கச் செய்ய, குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்ற மத்திய நிறுவனம் நடத்தும் திட்டம் அது. உறுப்பினர் என்றால் உங்களுக்கென்று ஒரு லாகின் வாங்கலாம், வீட்டிலிருந்தே மின்னூல்களும் ஆய்விதழ்களும் படிக்கலாம். ரயிலில் போய்வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி. கல்லூரி வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் பங்காருபேட்டை தாண்டி சிக்னல் போனாலும் படிப்பு நிற்காது. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே தேசம் ஒரே சந்தா என்ற திட்டத்தைப் பற்றிச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 ஆய்விதழ்கள். ஆனால் அது அரசுக் கல்வி நிறுவனங்களுக்கான திட்டமாகத்தான் தொடங்கியது, உங்களுடையது தனியார் கல்லூரி. அதை நம்பிக் காத்திருக்காமல் என்-லிஸ்ட் லாகினைக் கேட்டு வாங்குங்கள்.

கிடைத்ததை நம்பலாமா என்பது அடுத்த விஷயம். இதில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், செய்தி சரிபார்ப்பாளர்கள் என்று மூன்று குழுவினரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. உடனே வேறு டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். ஒரு தளத்தைப் பற்றி அந்தத் தளத்திலேயே கேட்கக் கூடாது. இது கற்றுக்கொள்ள எளிது, பழகத்தான் வேண்டும்.

சாட்ஜிபிடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. மாணவர்கள் ஒரு கட்டுரைப் பட்டியலைக் கொண்டுவந்து "இதெல்லாம் வேண்டும் சார்" என்கிறார்கள். ஆசிரியர் பெயர், இதழின் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. நியூயார்க்கில் 2023-இல் இரண்டு வக்கீல்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தச் செயலியில் ஒரு கருத்தைப் புரிந்துகொள்ளக் கேளுங்கள், தப்பில்லை. அது கொடுக்கும் மேற்கோளை மட்டும், தலைப்பை அப்படியே ஸ்காலரில் போட்டுப் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். இதோடு சேர்த்து இன்னொன்று: "10% வரை காப்பி அடிக்கலாம், யுஜிசியே சொல்லியிருக்கிறது" என்று சீனியர்கள் சொல்வார்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 விதிமுறையில் 10% வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்று இருப்பது உண்மை. ஆனால் அந்த விதிமுறை முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடும் கட்டுரைகளுக்கும் உரியது. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் இவையெல்லாம் அதில் சேராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் அசைன்மென்ட்டுக்கு உங்கள் ஆசிரியர் வைத்ததுதான் சட்டம்.

இனி மதிய நேர டியூஷன். சீனியர் மாணவர்கள் சொல்லிக்கொடுப்பது என்றதும், ஆசிரியர் கிடைக்காததால் செய்த மாற்று ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் 1973-இல் தொடங்கிய ஒரு முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒரு பாடத்தை நன்றாக முடித்த மாணவரே, அடுத்து வருகிற மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பார். அதில் எனக்குப் பிடித்த அம்சம், அவர்கள் 'படிப்பு வராத மாணவர்' என்று யாரையும் பிரிப்பதில்லை. 'கடினமான பாடம்' என்று பாடத்துக்குத்தான் அடையாளம் வைக்கிறார்கள், வகுப்பில் யார் வேண்டுமானாலும் வரலாம். நம் ஊரில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழுவுக்கான படிவத்திலேயே 'ஸ்லோ லேர்னர்' என்ற சொல் புழங்கி வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பேர் வருமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் சிறப்பு வகுப்புக்கு வருவதில்லை. இது எனக்கு வருத்தமான விஷயம். உதவி தேவைப்படுகிறவரை முதலில் அவமானப்படுத்திவிட்டு உதவி செய்ய முடியாது. உங்கள் கல்லூரியில் டியூஷன் லைப்ரரியில் நடக்கிறது என்பதே ஒரு நல்லது. அங்கே எல்லாரும் எதற்காகவோ வந்து உட்கார்ந்திருப்பார்கள், யார் எதற்கு வந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை.

நல்ல டியூட்டர் எப்படி இருப்பார் என்பதற்கு எங்கள் லைப்ரரியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தேய்மானக் கணக்கு. மெஷின் விலை ஒரு லட்சம், டபிள்யூடிவி முறையில் (அந்தந்த வருடம் மீதமிருக்கும் மதிப்பில் கழிப்பது) 10%. முதலாண்டுப் பெண் முதல் வருடத்துக்கு 10,000, இரண்டாம் வருடத்துக்கும் 10,000 என்று போட்டு வைத்திருந்தாள். விடை தப்பு என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. "அக்கா, இதைப் போட்டுக் காட்டுங்க" என்றாள். டியூட்டர் பேனாவையே எடுக்கவில்லை. "ஒரு வருஷம் முடிஞ்சாச்சு. இப்போ அந்த மெஷினோட மதிப்பு எவ்வளவு?" "ஒரு லட்சம்... இல்லக்கா, தொண்ணூறாயிரம்." "அப்போ இந்த வருஷம் பத்து பர்சென்ட் எதுல எடுக்கணும்?" அவளே அடித்துவிட்டு 9,000 என்று எழுதினாள். மூன்றாம் வருடம் 8,100 என்று கேட்காமலே போட்டாள். அப்புறம் டியூட்டர் கேட்டதுதான் அழகு: "இப்படியே போட்டுக்கிட்டே போனா என்னிக்காவது சைபர் ஆகுமா?" அந்தப் பெண் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆகாது" என்றாள். வருடா வருடம் ஒரே தொகையைக் கழிக்கும் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

கவனித்தீர்களா, யோசித்து விடை சொன்னது முழுக்க அந்த மாணவிதான். டியூஷனில் பலன் வருவது சொல்லிக்கொடுப்பவர் அருமையாக விளக்குவதால் மட்டும் இல்லை. கற்பவர் தன் வாயால் விளக்கும்போதுதான் அதிகம் பதிகிறது என்று மிஷெலின் சி (Chi) போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் டியூட்டர் கணக்கை மடமடவென்று போட்டுக்கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். "நான் போடுகிறேன், எங்கே தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்" என்று நோட்டை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களுக்கும் இதுவே பொருந்தும். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. லைப்ரரியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்கள் இருக்கும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்து வைப்பதோடு நிறுத்தாமல், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்.

சரி, மார்க் ஏறுமா? இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தருவது பயன் தரும் என்பது உறுதி, பல ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. எவ்வளவு பயன் என்பதில்தான் சிக்கல். கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் மிகப் பெரிய பலனைச் சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகள் பலன் உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை என்றன. லைப்ரரிக்கு அடிக்கடி வருகிறவர்கள் நல்ல மார்க் வாங்குகிறார்கள் என்று கல்லூரிகள் கணக்குக் காட்டும்போது நான் நிதானமாகத்தான் பார்ப்பேன். படிப்பில் அக்கறை உள்ளவர்கள் லைப்ரரிக்கும் வருவார்கள், மார்க்கும் வாங்குவார்கள். லைப்ரரிதான் மார்க் வாங்கித் தந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தேடல் வகுப்பைப் பொறுத்தவரை, ஒரு தடவை உட்கார்ந்ததால் செமஸ்டர் மார்க் மாறும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அசைன்மென்ட்டின் தரம் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பெங்களூரில் கல்லூரி லைப்ரரி கவுன்ட்டரில் கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் ஓடும். கேஜிஎஃபிலிருந்து வரும் உங்களுக்குக் கன்னடமும் கொஞ்சமாவது வரும் என்று நினைக்கிறேன். எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி கேள்விதான். அப்படியும் தயக்கமாக இருந்தால், தலைப்பையும் இதுவரை என்ன தேடினீர்கள் என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டுங்கள். வந்தவர் முதலில் கேட்பது ஒன்று, அவருக்கு உண்மையில் வேண்டியது வேறொன்று என்பது எங்களுக்குப் படிப்பிலேயே சொல்லித் தரும் பாடம். திருப்பிக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்வது எங்கள் வேலை, தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு முழுக்க உங்களுடையது இல்லை.

ஆங்கிலப் பாடப்புத்தகம் கடினமாக இருந்தால் இரண்டு வழி உண்டு. பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் கணக்கியல் புத்தகங்கள் 657 என்ற எண்ணில் இருக்கும். ஆசிரியர் சொன்ன ஒரே புத்தகத்தோடு மல்லுக்கட்டாமல், அந்த அலமாரியில் அதே பாடத்தை வேறு ஆசிரியர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நான்கைந்து புத்தகத்தைப் புரட்டுங்கள். அதில் ஒன்றின் நடை உங்களுக்கு ஒத்துவரும். இன்னொன்று, தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல் தமிழில் இலவச பிடிஎஃபாகவே கிடைக்கிறது. தேய்மானம், பேரேடு, இருப்பாய்வு எல்லாம் அதில் இருக்கின்றன. விஷயத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொண்டால் தேர்வில் எழுதலாம். தமிழில் படிப்பதை யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

லைப்ரரியால் முடியாததும் உண்டு. சிலபஸை முதலிலிருந்து கடைசிவரை அங்கே யாரும் நடத்தமாட்டார்கள். இரண்டு மூன்று பேப்பரில் அடிப்படையே புரியவில்லை என்றால், மதிய நேர அரை மணி நேரம் போதாது, பாட ஆசிரியரைத்தான் பார்க்க வேண்டும். டியூட்டருக்கும் தெரியாதது இருக்கும். "எனக்குத் தெரியலை, மேடத்தைக் கேட்டுட்டு வரேன்" என்று சொல்கிறவரை நம்புங்கள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. சில இடங்களில் இது பெயருக்கு மட்டும் நடக்கும், ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை போய்ப் பாருங்கள். உங்கள் நோட்டைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றால் அந்த நேரத்தில் 657 அலமாரிக்குப் போய்விடுங்கள்.

ரயிலைப் பிடிக்க வேண்டியிருப்பதால் மாலையில் உங்களால் தங்க முடியாது, மதியம் மட்டும்தான் கையில் இருக்கிறது. இன்டர்னல் தேர்வு நெருங்கும் வாரத்தில் டியூட்டர் மேசையில் இடம் கிடைக்காது. அதனால் முதல் அசைன்மென்ட் தலைப்போ, முதல் தடவை தப்பாய்ப்போன கணக்கோ கையில் வந்த உடனே, அந்த நோட்டோடு போங்கள்.